சிவில் பொறியியல் முடித்தபின் படையின் பொறியாளர் பிரிவில் சேரலாமா?

உம்கேனிக்கரை, டர்பன்:

அனைவருக்கும் வணக்கம். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் கல்லூரி வளாகத்தில் சிவில் பொறியியல் பட்டப்படிப்பைச் சென்ற ஆண்டு முடித்தேன். எனக்கு 23 வயது. டர்பனிலுள்ள ஓர் ஆலோசனை நிறுவனம் வேலை தர முன்வந்திருக்கிறது. ஆனால் தென்னாப்பிரிக்கத் தேசியப் பாதுகாப்புப் படையின் பொறியாளர் பிரிவில் சேர வேண்டும் என்பதே என் விருப்பம்.

எங்கள் குடும்பம் டோங்காட்டில் இருக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் ஊரின் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, பல மாதங்கள் குழாயில் தண்ணீர் வராமல் இருந்ததை இங்குள்ள பலர் அறிவீர்கள். அப்போது படையினர் நீர்ச் சுத்திகரிப்புக் கருவிகளோடு மாகாணத்திற்கு வந்தார்கள். என் பாடப் புத்தகத்தில் சூத்திரங்களாக இருந்தவற்றை அவர்கள் சேற்றில் நின்றுகொண்டு செய்தார்கள். இந்த விருப்பம் அன்று தொடங்கியது.

வீட்டில் எதிர்ப்பு பலமாக இருக்கிறது. என் தாத்தா சர்க்கரை ஆலையில் கூலிக்கு வேலை பார்த்தவர். குடும்பத்தின் முதல் பொறியாளர் நான். "இவ்வளவு படித்துவிட்டுப் பட்டாளத்துக்கா போவாய்?" என்று சித்தப்பாமார்கள் கேட்கிறார்கள். படையில் கழிக்கும் ஆண்டுகளைத் தொழில்முறைப் பதிவுக்குக் கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்று உடன் படித்தவர்கள் சொல்கிறார்கள். மற்றப் பொறியாளர்கள் படைப் பொறியாளரைத் தம்மில் ஒருவராக மதிக்கிறார்களா என்பதையும், அந்தத் தொழிலில் பொறியாளருக்கு உரிய பெருமை உண்டா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியோடு கேட்டுக்கொள்வேன்.

வரைபலகை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

மகளே, கேள்வியைத் தெளிவாகக் கேட்டிருக்கிறாய். கட்டமைப்புப் பொறியாளராக வாழ்நாள் முழுவதும் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் முதலில் பதிவைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பெருமை என்று நீ கேட்பதும் என் கணக்கில் அங்கேதான் தொடங்குகிறது.

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் 46ஆம் எண் பொறியியல் தொழில் சட்டத்தின்படி, தென்னாப்பிரிக்கப் பொறியியல் மன்றமாகிய எக்சாவில் பதிவு பெற்றவரே தம்மைத் தொழில்முறைப் பொறியாளர் என்று சொல்லிக்கொள்ள முடியும். உன் பட்டம், பல நாடுகள் ஒன்றின் பொறியியல் பட்டத்தை மற்றொன்று ஏற்க உடன்பட்ட வாஷிங்டன் ஒப்பந்தத்தின்கீழ் ஏற்கப்படும் பட்டம் என்பதால், நீ இப்போதே வேட்பாளர் பொறியாளராக, அதாவது முழுப் பதிவுக்கு முந்தைய பயிற்சிநிலைப் பொறியாளராகப் பதிந்துகொள்ளலாம். அதன்பின் குறைந்தது மூன்று ஆண்டுகள், பதிவு பெற்ற ஒரு வழிகாட்டியின் கண்காணிப்பில் பொறியியல் வேலை செய்திருக்க வேண்டும். வெறுமனே மூன்று ஆண்டுகள் ஓர் அலுவலகத்தில் இருந்துவிட்டு வருவதை அவர்கள் ஏற்பதில்லை. வேலையைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில் தொடங்கி, பிறருக்கு உதவுவது, பங்கேற்பது, பங்களிப்பது என்று ஏறி, முடிவில் நீயே பொறுப்பேற்றுச் செய்வது என்ற படிவரை உன் பொறுப்பு உயர்ந்ததைக் காட்ட வேண்டும். மன்றம் கேட்பது வேலையின் தரத்தைத்தான். சம்பளம் கொடுத்தது தனியார் நிறுவனமா, நகராட்சியா, படையா என்பது அதற்குப் பொருட்டே அல்ல.

ஆகவே உன் நண்பர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. படையில் கழித்த ஆண்டுகளை எண்ண மாட்டார்கள் என்று எந்த விதியும் இல்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் அணிவகுப்பும் நிர்வாகமும் பண்டகசாலைக் கணக்கும் மட்டுமே செய்திருந்தால், எழுதிக் காட்ட உன்னிடம் எதுவும் இருக்காது. இளம் அதிகாரிகளுக்கு அப்படி நேர்வது அரிதல்ல என்பதால்தான் இந்தக் கவலையைப் புறந்தள்ள முடியவில்லை.

இனிப் பெருமை. 2013 நவம்பர் 19 அன்று உன் ஊரிலேயே, டோங்காட்டில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த வணிக வளாகத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. இருவர் இறந்தனர்; ஏறத்தாழ முப்பது பேர் காயமுற்றனர். வேலையை நிறுத்தச் சொல்லி நகராட்சி நீதிமன்ற ஆணை பெற்றிருந்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. விசாரணையில் உத்தரத்திலிருந்த கம்பியும் கான்கிரீட்டின் வலிமையும் கேள்விக்கு உள்ளாயின. அதேபோல 2024 மே மாதம் ஜார்ஜ் நகரில் அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து 34 பேர் மாண்டார்கள். இந்தச் செய்திகளைக் கேட்கும்போது எந்தப் பொறியாளருக்கும் வயிறு கலங்கும். நான் வரைந்த உத்தரத்தின்கீழ் யாரோ ஒருவருடைய பிள்ளை நின்றுகொண்டிருக்கிறது என்ற நினைவோடு கையெழுத்திடுவதும், கம்பி கட்டி முடித்ததும் கான்கிரீட் ஊற்றுமுன் நேரில் போய் எண்ணிப் பார்ப்பதும், எண்ணிக்கை குறைந்தால் ஊற்றவிடாமல் நிறுத்துவதும்தான் எங்கள் தொழிலின் மானம். அப்படி நிறுத்தக்கூடிய இடம் படையில் உனக்குக் கிடைக்குமா என்று விசாரித்துப் பார். கிடைக்கும் என்றால் நான் தடை சொல்ல மாட்டேன்.

லெனேசியா அம்மா:

நான் பொறியாளர் அல்ல. இரண்டு பெண்பிள்ளைகளைப் பெற்றவள் என்பதால் எழுதுகிறேன்.

2025 ஜனவரியில் காங்கோவின் கிழக்குப் பகுதியில் நம் படைவீரர்கள் 14 பேர் இறந்தபோது இந்த நாடே கலங்கியது. போதிய ஆயுதமும் வான்வழி ஆதரவும் இல்லாமல் பிள்ளைகளை அனுப்பினோம் என்று நாடாளுமன்றத்திலேயே பேசினார்கள். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு விழுக்காடுகூடப் பாதுகாப்புக்கு ஒதுக்கப்படாத நிலையில், வண்டிக்கு உதிரிப் பாகமும் பாலத்துக்கு எஃகும் எங்கிருந்து வரும்? கருவி இல்லாத பொறியாளர் என்ன வேலை செய்து, எதைப் பெருமையாகச் சொல்லுவார்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போயர் போரில் 1899ஆம் ஆண்டு ஏறத்தாழ 1,100 இந்தியர்கள் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி தோட்டத்திலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள். நம் தமிழர்களும் அவர்களில் இருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் நம்மவர்களை இந்திய-மலாய்ப் படைப்பிரிவில் சேர்த்து, துப்பாக்கி கொடுக்காமல் வண்டி ஓட்டவும் சுமை தூக்கவும் விட்டார்கள். நிறவெறி ஆட்சியில் அதே படை குடியிருப்புகளுக்குள் வண்டியோடு வந்து நின்றதை எங்கள் தலைமுறை கண்ணால் பார்த்தது. அந்தச் சீருடையைக் கண்டால் எங்களுக்கு நெஞ்சு இன்னும் படபடக்கிறது. உன் சித்தப்பாமார்கள் படிப்பைச் சொல்லி மறுக்கிறார்கள். அடியில் இருப்பது இந்த நினைவாகவும் இருக்கலாம் அம்மா. அவர்களிடம் கோபப்படாதே.

வேலூர் சாப்பர், மிட்ராண்ட்:

நான் தென்னாப்பிரிக்கன் அல்லன். மகளோடு இருக்க இங்கு வந்திருக்கிறேன். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் என்னும் மதராஸ் பொறியாளர் குழுமத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். 1780இல் தோன்றிய படை அது. இந்தியத் தரைப்படை முழுவதும் எங்களைத் "தம்பி" என்றே அழைக்கும். எங்கள் நாட்டின் விதிமுறைகள் தங்கைக்குப் பொருந்தா; தொழில் ஒன்றுதான் என்பதால் எழுதுகிறேன்.

பெரியவர் வரைபலகை ஐயா கேட்டது சரியான கேள்வி. படையில் பொறியாளர் "நிறுத்து" என்று சொல்ல முடியுமா? எஃகுச் சட்டகங்களாகிய பேனல்களைக் கோத்துக் கட்டும் பெய்லி பாலத்தை வைத்து நான் விடை சொல்கிறேன். இரண்டாம் உலகப் போரில் பிறந்த அந்தப் பாலம் இன்றும் வெள்ளம் வந்தால் முதலில் நினைவுக்கு வருகிறது. ஒவ்வொரு பேனலும் 10 அடி நீளம், ஏறத்தாழ 260 கிலோ எடை; கிரேன் வேண்டாம், ஆறு பேர் தண்டு கொடுத்துத் தூக்கிவிடலாம். இரண்டு பேனல்களைக் கோக்கும் பின் என்னும் ஆணியின் தலையில் ஒரு சிறு வரிப்பள்ளம் இருக்கும். அந்த ஆணி உள்ளே போனபிறகு, அதன் நுனியில் மாட்ட வேண்டிய காப்பு ஊசியின் துளை எந்தத் திசையில் நிற்கிறது என்பதை அந்தப் பள்ளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். இரவில், விளக்கில்லாமல், விரலால் தடவியே தெரிந்துகொள்வோம். பாலம் முழுவதையும் கரையில் உருளைகளின்மேல் கட்டி அப்படியே முன்னால் தள்ளுவோம். பலகை பதிக்காத இலேசான மூக்குப் பகுதி முதலில் ஆற்றின்மேல் நீளும். எடையின் மையம் கரையிலுள்ள உருளைக்குப் பின்னாலேயே இருக்கும்வரைதான் பாலம் கவிழாது. அந்தக் கணக்கில் ஓர் அடி தவறினால் பாலமும் ஆளும் ஆற்றோடு போக வேண்டியதுதான்.

பாலம் கரை தொட்டதும் மஞ்சள் நிறத்தில் ஒரு வட்டப் பலகை வைப்போம். அதில் கறுப்பில் ஓர் எண் இருக்கும். அதுதான் சுமை வகுப்பு. பேனல் வரிசை பக்கத்துக்கு ஒன்றா, இரண்டா, மூன்றா, அடுக்கு எத்தனை, தாண்டும் நீளம் எவ்வளவு என்பவற்றைக் கொண்டு பொறியாளர் அந்த எண்ணைத் தீர்மானிப்பார். வண்டியின் முகப்பிலும் அதற்குரிய வகுப்பு எண் இருக்கும். வண்டியின் எண் பாலத்தின் எண்ணுக்கு மேல் இருந்தால் வண்டி நிற்க வேண்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் நிற்க வேண்டும். போரில் வேறு வழியே இல்லாதபோது, வேகத்தைக் குறைத்து, இடைவெளி விட்டு, பிரேக் பிடிக்காமல் நடுக்கோட்டில் செல்லும் எச்சரிக்கைக் கடப்பு என்றும், அதையும் தாண்டிய அபாயக் கடப்பு என்றும் தனி முறைகள் உண்டு. அபாயத்தை ஏற்பது தளபதியின் முடிவு. ஆனால் அபாயம் எவ்வளவு என்று அவருக்குச் சொல்லும் கடமை பொறியாளருக்கு உரியது. அவர் முகம் சுளிப்பாரே என்று எண்ணை உயர்த்திச் சொல்பவன் சாப்பரே அல்லன். எங்கள் பிரிவில் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் அதுதான்.

பிறகு கண்ணிவெடி. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ அருகே, மதராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் கண்ணிவெடி அகற்றும் குழுவை நடத்திச் சென்றார். பின்னால் வந்த வீரர் ஒருவர் வெடியை மிதித்துவிட்டார். வெடிக்க இருந்த சில நொடிகளில் சுபேதார் அதன்மேல் பாய்ந்து விழுந்து தம் உயிரைக் கொடுத்து மற்றவர்களைக் காப்பாற்றினார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது அளிக்கப்பட்டது. அந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்த எங்களுக்குப் பெருமை எங்கிருந்து வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. தம்முடைய ஆட்களுக்கு முன்னால் தாம் நடப்பது, தாம் சோதித்த தரையில் முதலில் தாமே கால் வைப்பது என்ற வழக்கம் அது. வேறு பொறியியல் துறைகளில் இவ்வளவு நேரடியாக அதைப் பார்ப்பது கடினம்.

தங்கை, உனக்கு உடல் உழைப்பும் கட்டுப்பாடும் ஒத்துவருமா என்பதை மட்டும் யோசித்துப் பார். மதிப்பைப் பற்றிக் கவலைப்படாதே.

உலோகம், சென்சூரியன்:

சாப்பர் ஐயாவின் பதிவு மனத்தைத் தொட்டது. நான் சற்றுக் கடினமான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் இயந்திரப் பொறியாளர். கண்ணிவெடிப் பாதுகாப்பு வண்டிகளின் வடிவமைப்பில் பல ஆண்டுகள் வேலை செய்தவன்.

இந்தத் துறையில் உலகத்துக்கே வழிகாட்டியது நம் நாடு. 1970களில் நமீபியா, அங்கோலா எல்லைப் போரில் மண்சாலைகளில் புதைத்த வெடிகள் வண்டிகளைச் சிதறடித்தபோது, கவச எஃகைத் தடிப்பாக்கிக்கொண்டே போவதால் பயனில்லை என்பது புரிந்தது. தட்டையான அடிப்பாகம் வெடிப்பின் முழு விசையையும் வாங்கிக்கொள்ளும். அடிப்பாகத்தை ஆங்கில வீ எழுத்தின் வடிவில் மடித்து, தரையிலிருந்து உயர்த்திவிட்டால், வெடிப்பின் வாயு இருபுறமும் வழிந்து ஓடிவிடும். சக்கரமும் அச்சும் பிய்த்துக்கொண்டு போனாலும் உள்ளிருப்பவர் பிழைப்பார். காஸ்பிர் வண்டி அந்தச் சிந்தனையில் உருவானது. ஒரு சக்கரத்தின்கீழ் 21 கிலோ டி.என்.டி.க்கு நிகரான வெடிப்பைத் தாங்கும்படி அதை வடிவமைத்தார்கள். சக்கரத்தையும் அச்சையும் போல்ட் கழற்றி மாற்றிக்கொண்டு வண்டி மீண்டும் ஓடும். பிற்காலத்தில் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் ஓடிய வெடிகாப்பு வண்டிகள் பலவற்றுக்கும் இந்த வடிவமே மூலம். பொறியியலாக மட்டும் பார்த்தால் தலை வணங்க வேண்டிய வேலை.

அதே காஸ்பிர்தான் லெனேசியா அம்மா சொல்லும் வண்டி. 1980களில் சொவேட்டோவிலும் மற்றக் குடியிருப்புகளிலும் மக்களுக்கு எதிராக அது ஓடியது. வடிவமைத்தவர்கள் உயிர்காக்கும் கணக்கைத்தான் போட்டார்கள். ஆனால் யாருடைய உயிர், யாரிடமிருந்து என்ற கேள்விக்கு வரைபலகையில் விடை கிடையாது. நான் இந்தத் துறைக்கு வந்தது 1994க்குப் பின். ஒரு மூத்த பொறியாளர் தம் பழைய வரைபடங்களை எனக்குக் காட்டினார். அடித்தகட்டின் கோணத்தை எத்தனை முறை மாற்றினோம், பற்றவைப்பு எங்கே விட்டுப்போனது என்று ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து விளக்கினார். பயன்பட்ட விதத்தைப் பற்றி நான் கேட்டபோது, "அதைக் கேட்கும் உரிமை எங்களுக்கு இருந்தது, நாங்கள் கேட்கவில்லை" என்றார். அவர் வேலையின் அழகும் அவருடைய வருத்தமும் ஒரே தாளில் இருந்தன. இரண்டில் ஒன்றை மறைத்துவிட்டு இந்தத் தொழிலின் பெருமையைப் பேச எனக்கு மனம் வரவில்லை.

இன்றைய நிலை வேறு என்பதையும் சொல்ல வேண்டும். 1994 ஏப்ரலில் பழைய படையும் விடுதலை இயக்கங்களின் படைகளும் நிறவெறி ஆட்சி கறுப்பின மக்களுக்கென ஒதுக்கிய தாயகப் பகுதிகளின் படைகளும் இணைந்து இன்றைய படை உருவாயிற்று. ஆள்கொல்லிக் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா ஒப்பந்தத்தில் 1997லேயே நம் நாடு கையெழுத்திட்டது. வெடிகாப்பு வண்டியும் வெடி கண்டறியும் வண்டியும் இன்று பல நாடுகளில் நிலத்தைச் சுத்தம்செய்து உழவர்களிடம் திருப்பித் தரப் பயன்படுகின்றன. ஆகவே சகோதரி, சேருங்கள். ஆனால் நீங்கள் கட்டுவது எதற்குப் பயன்படுகிறது என்று கேட்கும் வழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

தொழிற்சாலைப் பக்கம் வர நினைத்தால் ஓர் எச்சரிக்கை. அரசின் ஆயுத உற்பத்தி நிறுவனமான டெனல் 2020 முதல் ஊழியர்களுக்கு முழுச் சம்பளம் தர முடியாமல் தவித்ததும், தேர்ந்த பொறியாளர்கள் வெளிநாடுகளுக்குப் போனதும் ஊரறிந்த செய்தி. கைத்திறன் தலைமுறையாகக் கைமாற வேண்டிய துறையில் நடுவயதுப் பொறியாளர்கள் போய்விட்டால், வரைபடம் மிஞ்சும். அந்தக் கோணம் ஏன் அப்படி வைக்கப்பட்டது என்று சொல்ல ஆள் மிஞ்சாது.

டோங்காட் நீர்:

தங்கையின் ஊர்தான் என் ஊரும். நகராட்சி நீர்த்துறையில் பொறியியல் தொழில்நுட்பராகப் பணியாற்றுகிறேன். பதிவும் பெற்றவன். எனவே, சீருடை இல்லாத பக்கத்திலிருந்து ஒரு சொல்.

2022 ஏப்ரலில் சில இடங்களில் 24 மணி நேரத்துக்குள் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. மாகாணத்தில் 430க்கு மேற்பட்டோர் இறந்தனர். 10,000 படையினரை அனுப்புவதாக அரசு அறிவித்தது. அவர்களில் பிளம்பர்களும் மின்பணியாளர்களும் நீர்ச் சுத்திகரிப்புக் குழுக்களும் இருந்தன. அவர்கள் செய்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆற்றுநீரை வடித்துக் குளோரின் சேர்த்து டாங்கரில் நிரப்பி வரிசையில் நின்றவர்களுக்குக் கொடுத்தார்கள். ஆனால் அந்தக் குழு போன பிறகும் எங்கள் நிலையம் உடைந்தே கிடந்தது. உள்ளெடுப்புக் குழாயை மீண்டும் பதித்து, சேறு அடைத்த வடிகட்டிகளைக் கழுவி, பம்புகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து, கலங்கல் அளவு இறங்கும்வரை மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் யாருடைய படத்திலும் இல்லை. தண்ணீர் வந்த நாளன்று யாரும் எங்களைத் தேடவில்லை; வராத நாள்களில் தேடி வந்து திட்டினார்கள். எனக்கு இந்தத் துறையில் பெருமை இருக்கிறது, அது கைதட்டலை நம்பி நிற்கவில்லை.

நாட்டுக்குச் சேவை செய்யப் படையில் சேர வேண்டும் என்று இளைஞர்கள் நினைப்பதற்கு நகராட்சிகளின் நிலையும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பொறியாளரே இல்லாத நகராட்சிகள் இருக்கின்றன. 2018 இறுதியில் வால் ஆற்றில் கழிவுநீர் கலந்தபோது எம்ஃபுலேனி நகராட்சிக்குப் படைப் பொறியாளர்களை அனுப்பினார்கள். பணம் போதாமல் அந்த வேலை பாதியில் வேறு அமைப்பிடம் போயிற்று. 2021இல் கியூபாவிலிருந்து 24 பொறியாளர்களை வரவழைத்தபோது, உள்நாட்டில் பதிவு பெற்று வேலையின்றி இருப்பவர்கள் எவ்வளவு புண்பட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். நிரந்தரமாக ஒரு பொறியாளர் இருந்து பராமரிக்க வேண்டிய இடத்தில், பழுதான பிறகு ஒரு படையை அனுப்பிச் சரிசெய்ய முடியாது.

ஆனால் ஒரு திட்டத்தை மனமாரப் பாராட்ட வேண்டும். வெலிசிஸ்வே என்னும் கிராமப்புறப் பாலத் திட்டத்தில் பொதுப்பணித் துறையும் படைப் பொறியாளர்களும் சேர்ந்து எஃகுப் பாலங்களைக் கட்டுகிறார்கள். மழைக்காலத்தில் ஆற்றைக் கடந்து பள்ளிக்குப் போன பிள்ளைகள் அடித்துச் செல்லப்பட்ட இடங்களில் அந்தப் பாலங்கள் நிற்கின்றன. சாப்பர் ஐயா சொன்ன பேனலும் பின்னும் உருளையும்தான் அங்கேயும். தங்கை படையில் சேர்ந்தால் அந்தப் பாலங்களில் ஒன்றின் அடித்தள வேலையைக் கேட்டு வாங்கட்டும். அஸ்திவாரத்தின் மண்சோதனையும் கரையின் அரிப்புக் கணக்கும் முழுக்க முழுக்க சிவில் பொறியியல். எக்சா அறிக்கையில் எழுதுவதற்கும் தகுந்த வேலை.

உம்கேனிக்கரை, டர்பன்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. லெனேசியா அம்மா எழுதியதைச் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, 1980களில் டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் தாம் பார்த்ததை முதல் முறையாக என்னிடம் சொன்னார். இப்போது அவருடைய மறுப்பு எனக்குப் புரிகிறது; அவரும் என்னோடு பொறுமையாகப் பேசுகிறார்.

இன்னும் இரண்டு ஐயங்கள். இரண்டாண்டு இராணுவத் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் வழியாகத்தான் சேர வேண்டும் என்றும், பட்டதாரிகளுக்கு 26 வயதுவரை அனுமதி உண்டு என்றும் அறிந்தேன். அந்த இரண்டு ஆண்டுகளில் முதல் ஆண்டு பெரும்பாலும் அடிப்படைப் பயிற்சியிலும் அதிகாரிப் பயிற்சியிலும் போய்விட்டால், எக்சா கணக்குக்கு என்ன எஞ்சும்? அடுத்தது, நிறுவனத்தின் வேலையையும் விடாமல் படையிலும் இருக்க வழி உண்டா?

உலோகம், சென்சூரியன்:

இரண்டாவது ஐயத்துக்கு: உண்டு. ரிசர்வ் படை என்பது அதற்காகத்தான் இருக்கிறது. டர்பனிலேயே ரிசர்வ் படையைச் சேர்ந்த களப் பொறியாளர் ரெஜிமெண்ட் ஒன்று நெடுங்காலமாக இருக்கிறது. அங்கே பதிவு பெற்ற பொறியாளர்களும் கட்டுமான மேற்பார்வையாளர்களும் வார இறுதிகளிலும் அழைக்கும் காலங்களிலும் பணியாற்றுகிறார்கள். வெள்ளம் வந்தால் முதலில் அழைக்கப்படுவோரில் அவர்களும் உண்டு. நிறுவனம் விடுப்புத் தருமா என்பதை வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் எழுத்தில் கேட்டுவிடுங்கள். வாய்ச்சொல்லை நம்பி, பின்னர் அழைப்பு வந்தபோது விடுப்புக் கிடைக்காமல் தவித்தவர்களை நான் அறிவேன்.

முழுநேரமாகவே போக நினைத்தால் கிரூன்ஸ்டாட்டிலுள்ள பொறியாளர் பள்ளியில்தான் துறைப் பயிற்சி. சல்டான்யாவிலுள்ள இராணுவக் கல்லூரி ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இராணுவ அறிவியல் பட்டம் தருகிறது. பொறியியல் பட்டம் அங்கே கிடையாது. ஆகவே உங்களைப் போல முன்பே பொறியியல் பட்டத்தோடு வருபவர் அரிது. அந்த அருமையை நேர்காணலில் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

லெனேசியா அம்மா:

உன் சித்தப்பா பேசினார் என்று படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீ எந்தப் பக்கம் போனாலும் அவரிடம் அவ்வப்போது கேள், மகளே. ரிசர்வ் வழி எனக்கு நிம்மதியாகப் படுகிறது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் முடிவு உன்னுடையது.

வேலூர் சாப்பர், மிட்ராண்ட்:

அம்மாவின் கருத்தை மதிக்கிறேன். ஆயினும் தங்கைக்கு ஒன்று: வார இறுதியில் கற்கும் பாலம் வேறு, ஒரு பிரிவோடு ஒரே கூடாரத்தில் இருந்து ஓராண்டு கட்டும் பாலம் வேறு. பாலத்தின் பின்னை அடிக்கும் வீரனின் கை எப்போது சோர்கிறது, எப்போது அவன் காப்பு ஊசியை மறப்பான் என்பதெல்லாம் கூடவே இருந்தால்தான் தெரியும். பட்டம் பெற்ற அதிகாரிக்குக் கணக்கு தெரியும். அனுபவப்பட்ட ஹவில்தாருக்குத் தரை தெரியும். அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் இளம் அதிகாரியை எங்கள் ஆட்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். இருபதுகளில் அதைக் கற்றால் ஆயுளுக்கும் உதவும்.

வரைபலகை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

முதல் ஐயத்துக்கு விடை சொல்கிறேன். அடிப்படைப் பயிற்சிக் காலத்தை எக்சா பொறியியல் அனுபவமாக எடுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்காதே. மூன்று ஆண்டு என்பது குறைந்தபட்ச அளவு. பலருக்கு ஐந்து ஆண்டு வரை ஆகிறது. ஆகவே படைவழியில் போனால் பதிவு சில ஆண்டுகள் தாமதமாகும் என்று தெரிந்தே போ. தாமதம் இழப்பு ஆகாது. முப்பது வயதில் பதிவு பெற்று, ஓர் ஆற்றின்மேல் தன் பொறுப்பில் பாலம் போட்டவளை எந்த நிறுவனமும் வேண்டாம் என்று சொல்லாது.

ஆனால் பின்வருவதைத் தள்ளிப்போடாதே. நிறுவனத்தில் சேர்வதா படையில் சேர்வதா என்று தீர்மானிக்குமுன்பே வேட்பாளர் பொறியாளராகப் பதிந்துவிடு. அடுத்து ஒரு வழிகாட்டியைத் தேடு. உன் பிரிவில் பதிவு பெற்ற பொறியாளர் அதிகாரி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஒருவர் வழிகாட்ட முடியுமா என்பதை மன்றத்திடமும் உன் தளபதியிடமும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள். தென்னாப்பிரிக்க சிவில் பொறியியல் கழகத்தின் டர்பன் கிளையில் கேட்டால் ஆள் கிடைக்கும்; கிடைக்காவிட்டால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பு, என் பதிவை நான் இன்னும் புதுப்பித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பயிற்சி அறிக்கையை வேலை முடிந்த சூட்டோடு எழுதி, மேற்பார்வையிட்டவரிடம் அப்போதே கையெழுத்து வாங்கு. படையில் அதிகாரிகள் அடிக்கடி இடம் மாறுவார்கள். மூன்று ஆண்டு கழித்து ஒருவரைத் தேடிப் பிடித்து, எந்த ஆற்றில் எந்தக் கரையின் தாங்குதிறனை நீ கணக்கிட்டாய் என்று நினைவுபடுத்திக் கையெழுத்துக் கேட்பது நடவாத காரியம். பாதுகாப்பு காரணமாக இடத்தின் பெயரை எழுதக்கூடாது என்று சொன்னால் பெயரை விட்டுவிடு. தாண்டும் நீளம், மண்ணின் தன்மை, நீ எடுத்த முடிவு, அதற்கான காரணம் ஆகியவற்றை விடாமல் எழுது. ஆய்வுக் குழு உன்னிடம் கேட்கப்போவது அந்தக் காரணத்தைத்தான். விண்ணப்பப் படிவத்தை நிரப்பியதும் இங்கே எழுது. அனுப்புமுன் ஒருமுறை பார்த்துத் தருகிறேன்.